முள்மரத்தை வெட்டும் அறம்: ஒசிராக் அணு உலைத் தாக்குதல் பற்றிய ஒரு நோக்கு

பகையை அது முளைவிடும் பருவத்திலேயே களைந்துவிட வேண்டும் என்பது அரசியற் சிந்தனையில் மிகப் பழைய கருத்துகளுள் ஒன்றாகும். திருக்குறளின் பொருட்பாலில், பகைத்திறந்தெரிதல் என்னும் அதிகாரத்தில், வள்ளுவர் இதற்கு முள்மரத்தை உவமையாக்குகிறார். இளமரமாக இருக்கும்போதே அதனை வெட்டிவிடல் வேண்டும். முற்றிய பின் வெட்டப் புகுந்தால் வெட்டுபவனது கையையே அது புண்படுத்தும். உவமையின் தெளிவு காரணமாக இக்கருத்து விவாதத்துக்கு இடமற்றதுபோலத் தோன்றுகின்றது. ஆயினும் உவமையொன்றை ஏற்கும்போது அது எதனைக் காட்டுகின்றது என்பதோடு எதனைக் காட்டாது விடுகின்றது என்பதையும் நோக்குதல் தகும். முள்மரம் தன்னை வெட்ட வருபவனை அஞ்சுவதில்லை. தான் வெட்டப்பட்டதை நினைவில் வைத்திருப்பதுமில்லை. அடுத்த முறை எவர் கண்ணிலும் படாத இடத்தில் வளர வேண்டுமென்று அது தீர்மானிப்பதுமில்லை. அரசுகள் இம்மூன்றையும் செய்கின்றன. அணுவாயுதம் ஆக்க முயலும் நாடொன்றைப் படைத் தாக்குதலால் தடுத்துவிட முடியுமா என்னும் வினாவை ஆராயப் புகுவோர் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இவ்வினா ஏட்டளவில் நின்ற ஒன்றன்று. 1981 ஆம் ஆண்டு யூன் மாதம் 7 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அப்போது இஸ்ரேலின் வசமிருந்த சினாய்க் குடாநாட்டின் எற்சியோன் விமானத் தளத்திலிருந்து எட்டு எப்-16 விமானங்களும், அவற்றுக்குக் காவலாக ஆறு எப்-15 விமானங்களும் புறப்பட்டன. தாழப் பறந்து அயல்நாடுகளின் வான்பரப்பைக் கடந்த அவை, பாக்தாத் நகரின் தென்கிழக்கே ஏறத்தாழ 17 கிலோமீற்றர் தூரத்திலிருந்த அல் துவைத்தா அணுவாராய்ச்சி நிலையத்தை அடைந்து, ஒவ்வொன்றும் 2000 இறாத்தல் நிறையுடைய 16 குண்டுகளை வீசின. இரண்டு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தன. பிரான்சின் உதவியுடன் கட்டப்பட்டு நிறைவுறும் தறுவாயிலிருந்த 40 மெகாவாற்று ஆராய்ச்சி உலை சிதைந்தது. ஈராக்கியப் படையினர் பத்துப் பேரும் பிரான்சியர் ஒருவரும் உயிரிழந்தனர். பிரான்சியர் 'ஒசிராக்' என்றும் ஈராக்கியர் 'தம்மூஸ்-1' என்றும் அழைத்த அவ்வுலையின் பெயர், அன்று தொட்டு ஒரு கோட்பாட்டின் பெயராகவே வழங்கலாயிற்று.

அக்கோட்பாட்டை வகுத்தவர் இஸ்ரேலின் அன்றைய பிரதமர் மெனாகெம் பெகின். ஐரோப்பாவில் நாசிகள் யூத இனத்தை அழிக்க முயன்ற கொடுமையில் தமது பெற்றோரை இழந்தவர் அவர். தம் மக்களுக்கு எதிராகப் பேரழிவு ஆயுதங்களைப் பகைவர் எவரும் ஆக்குவதை இஸ்ரேல் அனுமதிக்கப் போவதில்லை என்று அவர் அறிவித்தபோது, அதனை வெறும் அரசியற் பேச்சென ஒதுக்கிவிட இயலாதிருந்தது. ஈராக்கின் சனாதிபதி சதாம் ஹுசைன் அதற்கு முன்னரே, 1980 செப்ரெம்பரில், ஈரான் மீது படையெடுத்திருந்தார். அவர் ஆட்சியின் இயல்பை அயலார் அறிவர். உலையில் எரிபொருள் இடப்பட்டு அது இயங்கத் தொடங்கிய பின்னர் தாக்கினால் கதிரியக்க நச்சுப் பாக்தாத் மக்கள்மீது பரவும் என்பதையும், ஆகவே காலந்தாழ்த்தாது தாக்கியதே மனிதாபிமானமுடைய செயல் என்பதையும் பெகின் ஒரு நியாயமாக எடுத்துரைத்தார். முள்மரத்தை இளமையிலே வெட்டுதல் என்பதற்கு இதனிலும் நேரடியான எடுத்துக்காட்டு வேறில்லை.

எனினும் இஸ்ரேலுக்குள்ளேயே இத்தீர்மானத்தை எதிர்த்தோர் இருந்தனர் என்பது பலரும் மறந்துவிடும் செய்தியாகும். உளவுத்துறைத் தலைவர் இற்சாக் ஹொபி, படைத்துறை உளவுப் பிரிவின் தலைவர் யெஹோஷுவா சகுய் ஆகிய இருவரும் உடன்படவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஷிமொன் பெரஸ் தாக்குதலைக் கைவிடுமாறு மே மாதத்திலே பெகினுக்கு இரகசியக் கடிதம் எழுதினார். யூன் 30 ஆம் திகதி அந்நாட்டில் பொதுத் தேர்தல் நடைபெறவிருந்தது என்பதையும் குறிப்பிடாமலிருக்க முடியாது. தேர்தலுக்காகவே குண்டு வீசப்பட்டது எனல் மிகைக்கூற்றாகும். ஆயினும் அச்சமும் கணக்கும் ஒரே மனத்தில் கலந்திருத்தல் அரசியலில் புதுமையன்று.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை யூன் 19 ஆம் திகதி 487 ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் தாக்குதலை ஏகமனதாகக் கண்டித்தது. இஸ்ரேலின் நெருங்கிய துணையான ஐக்கிய அமெரிக்காவும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தது. ஈராக் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட நாடு. அதன் நிலையம் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டிருந்தது. தாக்கிய நாடோ அவ்வொப்பந்தத்தில் சேராதது. தனது டிமோனா நிலையத்தைச் சர்வதேசக் கண்காணிப்புக்கு உட்படுத்தாதது. தீர்மானம் இதனையும் சுட்டி, இஸ்ரேல் தன் அணுநிலையங்களைச் சர்வதேசக் கண்காணிப்பின் கீழ்க் கொணர வேண்டுமெனக் கோரியது. அக்கோரிக்கை நிறைவேறவில்லை. முகவர் நிலையத்தின் அன்றைய பணிப்பாளர் நாயகம் சிக்வார்ட் எக்லுண்ட், தாக்கப்பட்டது உலை மட்டுமன்று, தமது கண்காணிப்பு முறையும் ஆகும் என்னும் கருத்துப்படப் பேசினார். அன்று இது பதவியிலிருக்கும் ஒருவரின் மனக்குறையாகவே கொள்ளப்பட்டது. இக்கூற்றின் முழுப் பொருள் பின்னரே விளங்கலாயிற்று.

இச்செயலின் அறத்தை எடைபோடுதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் அவசியம். அடிக்க ஓங்கிய கையைத் தடுத்தல் வேறு. என்றாவது ஓங்கக்கூடும் எனக் கருதிக் கையை வெட்டுதல் வேறு. 1837 இல் கனடாவின் எல்லையில் பிரித்தானியப் படையினர் 'கரோலைன்' என்னும் அமெரிக்கப் படகை எரித்தபோது எழுந்த பிணக்கில், அமெரிக்க அரசுச் செயலர் டானியல் வெப்ஸ்ரர் தற்காப்புக்கு ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஆபத்து அக்கணமே நேரவிருப்பதாயும், வேறு வழியைத் தேரவோ ஆலோசிக்கவோ அவகாசம் தராததாயும் இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். மைக்கேல் வோல்சர் 1977 இல் வெளியிட்ட 'நீதியான போர்களும் நீதியற்ற போர்களும்' என்னும் நூலில் இவ்வளவுகோலைச் சற்றுத் தளர்த்துகிறார். ஆயினும் அவரும், எதிர்காலத்தில் வலிமைச் சமநிலை மாறிவிடும் என்னும் கணக்குக்காகத் தொடுக்கப்படும் போரை நியாயமானதாக ஏற்கவில்லை. ஒசிராக் தாக்குதல் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்ததென்பதில் ஐயமில்லை. அணுகுண்டு எதுவும் அன்று ஈராக்கிடம் இருக்கவில்லை. உலையே இயங்கத் தொடங்கியிருக்கவில்லை.

இங்கு அணுவாயுதத்துக்கு ஒரு விதிவிலக்குக் கோரப்படுவதுண்டு. சாதாரண ஆயுதங்களின் விடயத்தில் காத்திருந்து பார்க்கலாம். முதலடியைத் தாங்கி எழவும் முடியும். ஒரே குண்டில் நகரொன்று அழியுமெனில் காத்திருத்தல் என்பதற்குப் பொருளில்லை என்பர். இவ்வாதம் வலுவானது, எளிதில் தட்டிக்கழிக்கத்தக்கதன்று. பதினொரு உயிர்களை ஒரு தட்டிலும் நூறாயிரம் உயிர்களை மறுதட்டிலும் வைத்துப் பார்க்குமாறு அது கேட்கிறது. ஆயின் அத்தராசின் ஒரு தட்டில் இருப்பவர் உண்மையிலே இறந்தோர். மறுதட்டில் இருப்போர் ஓர் ஊகத்தினுள் இறப்போர். ஆகவே இவ்வாதம் நிற்பதற்கு மூன்று விடயங்களில் உறுதியான அறிவு தேவைப்படுகின்றது. தாக்கப்படுபவன் ஆயுதம் செய்யும் எண்ணமுடையவன் என்பதும், தாக்கப்படும் பொருளே அவ்வாயுதத்துக்கு வழி என்பதும், அப்பொருளை அழித்தால் ஆயுதம் உருவாகாது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். மூன்றாவது பொய்யாயின் முதலிரண்டும் மெய்யாயிருந்தும் பயனில்லை. தாக்குதலால் நிறுத்த முடியுமா என்பது போரியல் வல்லுநரின் வினா, தாக்குதல் நியாயமா என்பது அறவியலாரின் வினா என இரண்டையும் பிரித்து வைக்கும் வழக்கம் இதனாலேயே பொருந்தாததாகின்றது. முதலாவதற்கு விடை இல்லாதவிடத்து இரண்டாவதற்கும் விடை இல்லை.

எனவே ஈராக்கில் நிகழ்ந்ததென்ன என்பதை விரிவாக நோக்க வேண்டியுள்ளது. சதாம் ஹுசைனின் ஆட்சிக்கு அணுவாயுத ஆசை இருந்ததென்பதை மறுப்போர் அரிது. அவ்வாசையைச் செயற்படுத்த 1981 இல் ஒழுங்கான திட்டம் இருந்ததா என்பதே வினா. இதனைப் பிற்காலத்தில் ஆராய்ந்த நோர்வேஜிய ஆய்வாளர் மல்பிறிட் பிறவுட் ஹெக்ஹாமர், தாக்குதலுக்கு முன்னர் ஈராக்கின் முயற்சி திசையற்று அலைந்துகொண்டிருந்தது என்றும், அரச உயர்மட்டத்தின் உறுதியான கட்டளையோ போதிய பணமோ ஆளணியோ அதற்கு இருக்கவில்லை என்றும் காட்டியுள்ளார். இதற்குச் சான்றாகப் பெரிய ஆவணங்களைத் தேடவும் வேண்டியதில்லை. இஸ்ரேலியக் குண்டுகள் விழுந்த நாளில் ஈராக்கின் முதன்மையான அணுவிஞ்ஞானிகள் இருவர் எங்கிருந்தனர் என்பதைக் கேட்டால் போதும். இருவரும் சதாமின் காவலில் இருந்தனர்.

அவர்களுள் ஒருவர் ஹுசைன் அல் ஷஹ்றிஸ்தானி. 1979 டிசெம்பரிற் கைதாகிச் சித்திரவதைக்குள்ளானவர். சிறையில் ஆயுத ஆக்கத்துக்கு உதவுமாறு கேட்கப்பட்டு மறுத்தவர். பல ஆண்டுகள் தனிமைச் சிறையிற் கழித்து 1991 இல், போரின் குழப்பத்தின் நடுவே, தப்பியோடியவர். மற்றவர் பௌதிகவியலறிஞர் ஜாபர் தியா ஜாபர். நண்பருக்காகப் பரிந்து பேசியமையால் அவரும் தடுத்து வைக்கப்பட்டார். ஒசிராக் அழிந்து மூன்று மாதங்களின் பின்னர், 1981 செப்ரெம்பரில், ஜாபர் விடுதலை செய்யப்பட்டார். ஆயுதத்துக்கான யுரேனியத்தைச் செறிவூட்டும் இரகசியத் திட்டத்தின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாக்குதலுக்கு முன் சிறையிலிருந்த அறிவு தாக்குதலின் பின் பதவிக்கு வந்தது எனலாம். ஷஹ்றிஸ்தானியின் மறுப்பை எந்த நாட்டின் போர்த்திட்டமும் கணக்கில் எடுத்ததில்லை. ஆயினும் ஈராக்கிய அணுகுண்டுக்கு எதிராக அந்நாட்டினுள் நிகழ்ந்த எதிர்ப்புகளுள் அதுவே மெய்யானது.

உலை அழிந்தமையால் ஆயுதத்துக்கான பாதையும் மாறிற்று. இவ்விடத்தில் தொழினுட்ப வேறுபாடு ஒன்றைக் கூறுதல் இன்றியமையாதது. அணுகுண்டுக்குரிய மூலப்பொருளை இரு வழிகளிற் பெறலாம். உலையில் யுரேனியத்தைக் கதிரியக்கத்துக்குட்படுத்திப் புளூட்டோனியத்தைப் பெறுதல் ஒன்று. இயற்கை யுரேனியத்தில் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவாக உள்ள யுரேனியம்-235 ஐப் பிரித்துச் செறிவூட்டுதல் மற்றையது. உலை பெரியது, ஆகாயத்திலிருந்து தெரிவது, குளிர்ச்சிக்கு நீர் வேண்டுவது, ஒசிராக்கைப் பொறுத்தவரை பிரான்சிய வல்லுநரும் சர்வதேசப் பரிசோதகரும் வந்துபோகும் இடமாகவும் இருந்தது. செறிவூட்டலோ சாதாரணத் தொழிற்சாலைபோலத் தோன்றும் கட்டடத்தினுள்ளும் நடைபெறக்கூடியது. ஈராக் இரண்டாம் வழியைத் தெரிந்துகொண்டது. அதிலும் 'கலுத்திரன்' எனப்படும் மின்காந்தப் பொறிகளைத் தெரிந்தது வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் ஓக் றிட்ஜ் என்னுமிடத்திற் பயன்படுத்திப் பின்னர் செலவு மிகுந்ததெனக் கைவிட்ட முறை அது. அதுபற்றிய அறிவியற் கட்டுரைகள் பல வெளிப்படையாகவே நூலகங்களிற் கிடந்தன. இக்காலத்தில் இதனை எவரும் கையாளார் என வல்லரசுகளின் உளவுத்துறைகள் நம்பியமையால் எவரும் அதைத் தேடவில்லை.

பத்தாண்டுகள் கழிந்தன. 1990 ஓகஸ்ற் மாதத்தில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. 1991 சனவரி 17 ஆம் திகதி அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் வான் தாக்குதல் தொடங்கியபோது, ஈராக்கின் அணுநிலையங்களெனத் தாக்குதற் பட்டியலில் இருந்தவை இரண்டு மட்டுமே. போரின் பின்னர் நேரிற் சென்ற பரிசோதகர்கள் கண்டறிந்தவை இருபதுக்கும் மேற்பட்டவை. கலுத்திரன்கள் நிறுவப்பட்டிருந்த தார்மியா என்னும் இடமும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. ஆயினும் அது எதற்கான இடம் என்பது குண்டு வீசியோருக்குத் தெரியாது. ஆயுத வடிவமைப்புக்கென அமைந்த அல் அதீர் வளாகம் பெரும்பாலும் சேதமின்றித் தப்பியது. மேலும் ஒரு செய்தி உண்டு. ஒசிராக்குக்கென 1980 இல் பிரான்சு வழங்கியிருந்த உயர்செறிவு யுரேனிய எரிபொருள் 1981 இன் குண்டுவீச்சில் அழியவில்லை, துவைத்தாவிலேயே இருந்தது. குவைத் படையெடுப்பைத் தொடர்ந்து அதனையே எடுத்து அவசரமாகக் குண்டொன்று செய்துவிட ஈராக் முயன்றதென்பது, சதாமின் மருமகன் ஹுசைன் கமெல் 1995 ஓகஸ்ற் மாதத்தில் நாட்டைவிட்டுத் தப்பியோடிய பின்னரே வெளிவந்தது.

தாக்குதலை ஆதரிப்போர் இவ்விடத்தில் கூறும் மறுமொழி புறக்கணிக்கத்தக்கதன்று. தாக்குதல் திட்டத்தை நிறுத்தாதிருக்கலாம், காலத்தை ஈட்டித் தந்தது. அவ்வுலை இயங்கியிருந்தால் 1991 இல் சதாமின் கையில் குண்டு இருந்திருக்கும் என்பர். அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் டிக் செனி, போர் முடிந்தபின், சிதைந்த உலையின் செய்மதிப் படத்தை நன்றியுரையுடன் இஸ்ரேலியத் தளபதி ஒருவருக்கு அளித்தமை இக்கருத்தின் அடையாளமாயிற்று. இக்கூற்றைப் பொய்யென நிறுவ முடியாது. மெய்யென நிறுவவும் முடியாது. குறை இங்கேதான் உள்ளது. பிரான்சியர் முன்னிலையில், பரிசோதகர் வரவுக்கு உட்பட்ட உலையொன்றில் ஆயுதத்துக்கு வேண்டிய புளூட்டோனியத்தை மறைவாகப் பெறுதல் எளிதன்று என்பதே 1982 இல் அச்சிதைவைச் சென்று பார்த்த ஹாவார்ட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் ரிச்சர்ட் வில்சன் போன்றோரின் முடிபு. அவ்வுலை நின்றிருந்தால் சதாம் பொறுமையிழந்து ஒப்பந்தத்தை மீறியிருப்பாரா? பரிசோதகர் அதைக் கண்டிருப்பரா? இவற்றுக்கு விடையளிக்கக்கூடிய ஒரே சான்று அவ்வுலையின் பிற்கால வரலாறு. அவ்வரலாற்றை நிகழவிடாது செய்ததே தாக்குதல். தன்னைத் தீர்ப்பிடுதற்குரிய சாட்சியைத் தானே அழித்துவிடும் செயலைச் சரியென நம்புவோரிடம் எக்காலத்திலும் தவறை மெய்ப்பிக்க இயலாது. ஒருவனைக் கொன்றபின் அவன் கொலைகாரனாகியிருப்பான் என்று சொல்பவனின் நிலையும் இதுவே.

எக்லுண்டின் கூற்று இங்கு பொருள் பெறுகின்றது. குண்டு கட்டடத்தை அழிக்கும்போது கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணையும் குருடாக்குகின்றது. ஒசிராக்கில் என்ன நடந்ததென்று உலகம் அறிந்திருந்தது. தார்மியாவில் என்ன நடந்ததென்று அறியவில்லை. ஈராக்கின் அணுத்திட்டத்தை இறுதியில் முடிவுக்குக் கொண்டுவந்தோர் 1991 ஏப்ரிலில் நிறைவேறிய 687 ஆம் தீர்மானத்தின்படி அனுப்பப்பட்ட பரிசோதகர்களே. அவ்வாண்டு யூன் மாதத்தில் பலூஜாவில், பாரவூர்திகளில் அவசரமாக அகற்றப்பட்ட கலுத்திரன் பகுதிகளைத் தலைக்கு மேலாகத் துப்பாக்கி வேட்டுகள் தீர்க்கப்பட்டபோதும் அவர்கள் படம்பிடித்தனர். செப்ரெம்பரில் ஆயுதத் திட்டத்தின் ஆவணங்களுடன் பாக்தாத்தின் வாகனத் தரிப்பிடமொன்றில் நான்கு நாள் முற்றுகைக்குள்ளாகி, அவ்வாவணங்களை விட்டுக்கொடுக்காதிருந்தனர். குண்டுகளுக்குத் தப்பிய அல் அதீர் வளாகம் 1992 இல் அவர்களின் மேற்பார்வையில் ஈராக்கியராலேயே தகர்க்கப்பட்டது. 2003 இல் அமெரிக்கா மீண்டும் படையெடுத்துச் சென்று நாடெங்கும் தேடியபோது இயங்கும் அணுவாயுதத் திட்டம் எதுவும் அங்கில்லை என்பது தெளிவாயிற்று.

இதனை வைத்துப் பரிசோதனையே போதும், படைவலி வேண்டாம் என்று முடிபு கட்டுவதும் அவசரமாகும். 1991 இற்கு முன் பரிசோதகர்கள் துவைத்தாவுக்குச் சென்றுகொண்டுதானிருந்தனர். அருகிலிருந்த கட்டடங்களில் நடந்தவற்றை அவர்கள் காணவில்லை. அவர்களுக்கு எக்கதவையும் தட்டும் உரிமை கிடைத்ததே ஈராக் போரிலே தோற்றதனால்தான். அத்தோல்விக்கும் அதன்பின் வந்த பொருளாதாரத் தடைகளுக்கும் ஈராக்கிய மக்கள் கொடுத்த விலை ஒசிராக்கில் இறந்த பதினொருவரோடு ஒப்பிட முடியாதது. எனவே தாக்குதல் ஒருபுறம், சமாதானம் மறுபுறம் என்று வண்ணம் தீட்டிக் காட்டுதல் உண்மைக்கு ஒவ்வாது.

அவ்வாறே, தாக்குதல் வெற்றிபெற்ற நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2007 செப்ரெம்பர் 6 ஆம் திகதி இஸ்ரேல் சிரியாவின் கிழக்கே அல் கிபார் என்னுமிடத்திலிருந்த கட்டடமொன்றை அழித்தது. அது வடகொரிய உதவியுடன் அமைந்த உலையென்றே பெரிதும் கருதப்படுகின்றது. சிரியா அதனை மீளக் கட்டவில்லை. இதற்குக் காரணம் தேடுவோர் இரண்டைக் கூறலாம். சிரியாவிடமிருந்தது பிறரிடம் பெற்ற கட்டடம். அதனை மீண்டும் எழுப்பும் விஞ்ஞானக் கூட்டம் அந்நாட்டில் இருக்கவில்லை. மற்றது, இஸ்ரேல் 2018 வரை அச்செயலை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. சிரியாவும் அங்கு உலை இருந்ததாக ஏற்கவில்லை. அவமானம் பகிரங்கமாகாதவிடத்துப் பழிவாங்கும் கடப்பாடும் எழவில்லை. அதாவது அறிவு வேரூன்றாத நிலத்தில் மரத்தை வெட்டினால் அது மீளத் தளிர்ப்பதில்லை. ஆயின் அச்சுறுத்தலெனக் கருதப்படும் நாடுகள் பெரும்பாலும் அறிவு வேரூன்றியவை.

அவற்றுள் ஈரான் முதன்மையானது. கட்டடங்களோடு அறிவையும் அழிக்கும் முயற்சி அங்கு மேற்கொள்ளப்பட்டது. 2010 முதல் அந்நாட்டு விஞ்ஞானிகள் வீதிகளிற் கொல்லப்பட்டனர். படைத்திட்டத்தில் நேரடித் தொடர்பற்ற ஆசிரியனொருவனையும் 'இலக்கு' எனக் கருதும் நிலை எவ்விடத்தில் தொடங்குகின்றது என்னும் வினா பல்கலைக்கழகங்களைச் சார்ந்தோருக்குச் சிறிய வினாவன்று. 2015 யூலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்கீழ் ஈரானின் யுரேனியம் 3.67 வீதச் செறிவுக்கும் 300 கிலோகிராமுக்கும் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பரிசோதகர்கள் அங்கு நிரந்தரமாக இருந்தனர். 2018 மே மாதத்தில் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. 2021 ஏப்ரில் 11 ஆம் திகதி நத்தான்ஸ் நிலையம் நாசவேலைக்குள்ளானது. இரு நாள்களில் ஈரான் 60 வீதம் வரை செறிவூட்டப் போவதாக அறிவித்தது. அடிக்கும் பதிலுக்குமிடையேயுள்ள தொடர்பை இதனிலும் சுருக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி காணக் கிடைக்காது.

2025 யூன் 13 ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 22 ஆம் திகதி அமெரிக்க விமானங்கள், மலையைக் குடைந்து அமைக்கப்பட்டிருந்த போர்டோ நிலையத்தின்மீதும் நத்தான்ஸ் மீதும் ஒவ்வொன்றும் 30,000 இறாத்தல் நிறையுடைய குண்டுகளை வீசின. ஈரானிய அரசின் கணக்குப்படி அப்பன்னிரு நாள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். தாக்குதல் தொடங்கிய நாளில் ஈரானிடம் 60 வீதச் செறிவுடைய யுரேனியம் 440.9 கிலோகிராம் இருந்ததெனச் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் கணக்கிட்டிருந்தது; தசமப் புள்ளி வரை சொல்லக்கூடியதாயிருந்தது அக்கணக்கு. யூலை தொடக்கத்திற் பரிசோதகர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டு நவம்பரிலும் அக்கையிருப்பைச் சரிபார்க்க அந்நிலையத்தால் இயலவில்லை. மையநீக்கப் பொறிகள் ஆயிரக்கணக்கில் அழிந்திருக்கலாம். அவற்றோடு அத்தசமப் புள்ளியும் அழிந்தது.

தாக்காதிருத்தலின் விளைவையும் நோக்காது விடுதல் நேர்மையாகாது. 1963 இலும் 1964 இலும் சீனாவின் அணுநிலையங்களைத் தாக்குவது பற்றி அமெரிக்கத் தலைவர்கள் ஆலோசித்தனர். மாஓவின் கையில் குண்டு கிடைத்தால் உலகமே அழியும் என்னும் அச்சம் அன்று வாஷிங்டனில் நிலவியது. இறுதியில் தாக்குதல் கைவிடப்பட்டது. 1964 ஒக்ரோபர் 16 ஆம் திகதி சீனா தன் முதற் குண்டை வெடித்தது. எட்டாண்டுகளுக்குள் அமெரிக்க சனாதிபதி பீக்கிங் சென்று மாஓவுடன் கைகுலுக்கினார். அன்று தாக்கியிருந்தால், பேரழிவொன்றைத் தடுத்த பெருமையை அவர்கள் இன்றும் பேசிக்கொண்டிருப்பர். மறுபுறம், 1994 இல் வடகொரியாவின் யொங்பியொன் நிலையத்தைத் தாக்கும் எண்ணம் கைவிடப்பட்டு உடன்பாடு காணப்பட்டது. அவ்வுடன்பாடு குலைந்து 2006 இல் அந்நாடும் குண்டை வெடித்தது. தென்னாபிரிக்காவோ தான் செய்து வைத்திருந்த ஆறு குண்டுகளையும் எவரும் தாக்காமலே பிரித்தழித்து, 1993 இல் அதனை உலகுக்கு அறிவித்தது. அந்நாடு தன் எல்லைகளில் அஞ்சியவை நீங்கியமையும், வெள்ளையர் ஆட்சி முடிவுறவிருந்தமையும் அதற்குக் காரணங்களாயின. இரண்டாவது காரணம் பெருமைக்குரியதன்று.

தென்னாசியாவில் நடந்ததும் குறிப்பிடத்தக்கது. பாகிஸ்தானின் கஹூத்தா நிலையத்தை ஒசிராக் போலத் தாக்கலாமா என்னும் பேச்சு 1980 களில் எழுந்தது. 1988 டிசெம்பர் 31 ஆம் திகதி இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் மற்றவரின் அணுநிலையங்களைத் தாக்குவதில்லை என இஸ்லாமாபாத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1992 ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வோராண்டும் சனவரி முதலாந் திகதி இரு நாடுகளும் தம் அணுநிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. பட்டியல் முழுமையானதா என்னும் ஐயம் இரு தரப்பிலும் இருந்தது. கார்கிற் போர் நிகழ்ந்த 1999 ஐ அடுத்து வந்த சனவரியிலும் அது கைமாறியது. இவ்வொப்பந்தம் குண்டைத் தடுக்கவில்லை. 1998 மே மாதத்தில் இரு நாடுகளும் வெடித்துப் பார்த்தன. ஆயினும் இரு பகைவர்களும் எதிரியின் உலை எங்கிருக்கின்றதென்று எதிரியின் வாய்மொழியாகவே அறிந்துகொண்டு, அதனைத் தொடாமல் இருந்தனர்.